மிளகாய் மேல் போட்ட பழி

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். யாராவது ஒருவர் வந்து, "அண்ணே, வயிறு எரியுது, அல்சர் மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்பார். மாத்திரைக்குத்தான் காசு, கூடவே வரும் அறிவுரைகள் இலவசம். காரத்தைக் குறை. நேரத்துக்குச் சாப்பிடு. கண்டதையும் நினைத்துக் கவலைப்படாதே. கடைக்காரர் சொல்வது இது, பக்கத்து வீட்டு அத்தை சொல்வது இது, மருத்துவர்களிலும் சிலர் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். நோயாளி தன் நாக்காலும் மனதாலும் தானே தேடிக்கொண்ட வினைதான் வயிற்றுப் புண் என்ற நினைப்பு இந்த மூன்று அறிவுரைகளுக்கும் அடியில் கிடக்கிறது.

அந்த நினைப்பு தவறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் மனித இரைப்பையிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வரும் புண்களில் பெரும்பங்குக்கு அதுவே காரணம் என்று நிறுவியதற்காக 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அதனால் வந்தது இரைப்பை அழற்சி, புண் அல்ல. இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மிளகாயிலிருந்தே தொடங்குவோம். திருமயம், அரிமளம், ராயவரம் என்று மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டுச் சமையலின் நிலம். வடக்கே காரமான முட்டை மாஸ் இல்லாமல் பரோட்டாக் கடையே இல்லை. காரம்தான் குற்றவாளி என்றால் சாட்சி தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் 1988இல் அமெரிக்காவின் டெக்சாஸில் டேவிட் கிரஹாமும் அவருடன் இருந்தவர்களும் தன்னார்வலர்களுக்குக் காரமான உணவு கொடுத்து, பிறகு குழாய்க் கேமராவை உள்ளே விட்டு இரைப்பையின் உட்சுவரைப் பார்த்தார்கள். புண் ஏதும் இல்லை. சிலருக்கு அரைத்த பச்சை மிளகாயை நேராக இரைப்பைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. சாதுவான உணவுடன் ஆஸ்பிரின் விழுங்கியவர்களின் இரைப்பையில்தான் கீறலும் கசிவும் தெரிந்தன. சிங்கப்பூரில் இன்னொன்று கவனிக்கப்பட்டது. அங்கே நம்மவர்களும் மலாய்க்காரர்களும் சீனர்களைவிட அதிகம் மிளகாய் தின்கிறார்கள். புண் அதிகம் வருவதோ சீனர்களுக்கு.

அப்படியானால் எரிவது பொய்யா? பொய் இல்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனையைத் தொட்டு எரிச்சல் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. தசையை அது அரிப்பதில்லை. ஏற்கெனவே புண் இருக்கிற இடத்தில் அந்தச் செய்தி பலமாகப் போகும். அதனால் வலிக்கிற நாளில் காரத்தைத் தள்ளி வைப்பது நல்லதுதான். மணத்தக்காளிக் கீரையும் மோரும் இதமாக இருக்கின்றன என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. இதமாக இருப்பது ஒன்று, நோய்க்குக் காரணமானது வேறொன்று.

உணவைக் குற்றம் சொல்வது படிக்காதவர்களின் பழக்கம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். நம் பக்கத்திலேயே பெரிய மருத்துவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரில், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் ஹோவர்ட் சாமர்வெல் இருந்தார். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன அதே சாமர்வெல்தான். முன்சிறுகுடல் புண்ணுக்காக அவர் அறுத்த வயிறுகளுக்குக் கணக்கில்லை. தெற்கே இவ்வளவு புண் ஏன் என்று அவரும் அவருடன் இருந்த இயன் ஆரும் யோசித்தபோது கண்ணில் பட்டது மரவள்ளிக் கிழங்கும் சத்தில்லாத ஏழைச் சாப்பாடும். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் சாப்பாட்டையும் சென்னை மாகாணச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். கணிசமான எலிகளின் வயிற்றில் புண் வந்தது, சீக்கியர் உணவு தின்ற எலிகளுக்கு வரவில்லை. உழைத்து, கண்டதைக் கண்டபடி எழுதிய மனிதர்கள் இவர்கள். அவர்களிடம் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: இரைப்பைக்குள் ஓர் உயிர் குடியிருக்க முடியும் என்ற சந்தேகம். அந்தச் சந்தேகம் வராததற்குக் காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு, நேரத்துக்குச் சாப்பிடாதது. இதை நம்புகிறவர்களிடம் அனுபவம் இருக்கிறது. பசித்தால் மேல்வயிறு வலிக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டால் அடங்குகிறது, நள்ளிரவில் வலி எழுப்பிவிடுகிறது. ஆகவே பட்டினிதான் புண்ணைக் கொண்டு வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கே முன்பின் மாறிவிட்டது. முன்சிறுகுடலில் புண் உள்ளவருக்கு வெறும் வயிற்றில் வலிப்பதும் உணவு போனதும் தணிவதும் அந்தப் புண்ணின் அடையாளங்கள். புண் முதலில் வந்தது, பசிநேர வலி பிறகு வந்தது. வெறும் வயிறே சுவரைத் தின்றுவிடும் என்றால், ரமலான் மாதம் முழுக்க நோன்பிருக்கும் கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் ஒவ்வொரு வீட்டிலும் புண் இருக்க வேண்டும்.

கவலைக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டாக வேண்டும். 1940இல் லண்டன் மீது குண்டு பொழிந்த மாதங்களில் புண் துளைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் கூடினார்கள். 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகும் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் கூடினார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் கோபேயில் புண் வந்தவர்களைச் சோதித்தபோது பெரும்பாலோரின் வயிற்றில் கிருமி ஏற்கெனவே இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு கீரமங்கலத்திலும் வடகாட்டிலும் தென்னையை இழந்து தூங்காத வீடுகள் எத்தனை! கவலை ஒன்றே போதுமென்றால் அத்தனை பேர் வயிற்றிலும் ஓட்டை விழுந்திருக்க வேண்டும். பெரும் அதிர்ச்சி, இருக்கிற நோயை முற்ற வைக்கலாம். கடன் தவணையையும் மகள் கல்யாணத்தையும் நினைத்து மருகுகிறவரிடம், உன் மனம்தான் உன் வயிற்றைக் கெடுத்தது என்று சொல்வதற்கு அது ஆதாரம் ஆகாது.

இனி, படித்தவர்கள் எழுப்பும் எதிர்வாதம். இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் கிருமி எப்படிப் பிழைக்கும்? மருத்துவ உலகம் வாரனையும் மார்ஷலையும் ஆரம்பத்தில் நம்பாமல் போனது இந்தக் கேள்வியால்தான். சாமர்வெல்லுக்குச் சந்தேகம் வராததும் இதனால்தான். இதற்கான விடை, இந்தப் பிரச்சினையிலேயே மிகச் சுவையான பகுதி. கிருமி அமிலத்தில் வாழவில்லை. அமிலத்தைக் கடந்து, அமிலம் இல்லாத ஓரிடத்தைக் கண்டுபிடித்து அங்கே தங்குகிறது. கண்டுபிடிக்க அதற்கு உணர்வு வேண்டும்; அந்த உணர்வு அதற்கு இருக்கிறது.

இரைப்பையின் உட்சுவர் மேல் பசை போன்ற சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. படலத்துக்கு வெளியே, உணவு கிடக்கும் வெளியில், அமிலத்தன்மை பி.எச். 1, 2 என்று இருக்கும். படலத்துக்கு அடியில், செல்களை ஒட்டி, செல்களே சுரக்கும் பைகார்பனேட் அமிலத்தைத் தணித்து வைத்திருக்கிறது, அங்கே பி.எச். கிட்டத்தட்ட 7. நம் சொந்தச் சுவரை நம் அமிலமே தின்றுவிடாதபடி உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. கிருமிக்குத் தேவையானதும் அந்த அடி ஓரம்தான். 2004இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஜெர்பில் என்னும் சிறு கொறிவிலங்கின் இரைப்பையில் கிருமிகள் எங்கே இருக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை சுவரிலிருந்து 25 மைக்ரான் தூரத்துக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரை 40 கூறாக்கினால் ஒரு கூறுக்குள், நெருங்கிக் கிடந்தன. அமிலச் சரிவை, அதாவது வெளியே அதிகம் உள்ளே குறைவு என்ற அந்த வேறுபாட்டை, ஆய்வாளர்கள் கலைத்தபோது கிருமிகள் திசை கெட்டுப் படலம் முழுக்கச் சிதறின. அமிலத்தைத் தின்று தீர்க்கும் வீரம் அவற்றுக்கு இல்லை. எந்தப் பக்கம் அமிலம் குறைகிறது என்று தெரிந்துகொள்ளும் புத்தி இருக்கிறது.

இந்தப் புத்தி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. கிருமியின் முழு மரபணு வரிசை 1997இல் வெளியானது. சுமார் 1,600 மரபணுக்கள், குடலில் வாழும் ஈ.கோலிக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. சூழலை அறிய இவ்வளவு சின்ன உடம்பில் நான்கு உணர்வு ஏற்பிகள்: டி.எல்.பி. ஏ, பி, சி, டி. 'ஏ' ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அறிகிறது. 'பி' யூரியாவையும் அமிலத்தையும், 'சி' லாக்டேட்டை. 'டி' கிருமியின் உள்ளேயே இருந்து, தன் சக்தி குறைகிறதா, தன்னை அரிக்கும் வேதிப்பொருள் நெருங்குகிறதா என்று பார்க்கிறது. ஏற்பி அறிந்ததை உள்ளே இருக்கும் புரதங்கள் கைமாற்றிக் கொண்டுபோய், உடலின் ஒரு முனையில் இருக்கும் வாலிழைகளிடம் சேர்க்கின்றன. இழைகள் சுழலும் திசை மாறும். கிருமி முன்னே போகும், அல்லது பின்வாங்கி வேறு பக்கம் திரும்பும்.

யூரியாவை அறிவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதே யூரியாதான். நம் ரத்தத்திலும் இருக்கிறது, இரைப்பைச் சுவர் வழியே கசிகிறது. கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி மிக ஏராளமாக இருக்கிறது. அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும்; அமோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கும். இது பழைய பாடம். 2015இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மனுவேல் அமீவாவின் குழு இன்னொன்றையும் காட்டியது. தன்னைச் சுற்றியுள்ள யூரியாவைக் கிருமி உடைத்துத் தீர்த்துவிடுவதால், புதிதாக யூரியா எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பக்கம்தான் சுவர். கண்மாயில் தண்ணீர் நிற்கும் வரை ஊற்றுக்கண் எங்கே என்று சொல்ல முடியாது. இறைத்து வற்ற வைத்தால் கசிகிற இடம் தானே தெரியும் அல்லவா, அந்தக் கணக்கு. 'பி' ஏற்பியின் கூர்மை எவ்வளவு என்றால், மிக மிக நுண்ணிய அளவு யூரியாவையும் அது பிடித்துவிடுகிறது.

யூரியேஸுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. அமிலம் இல்லாத இடத்தில் அது ஓயாமல் அமோனியாவை உண்டாக்கினால் கிருமி அந்த அமோனியாவின் காரத்தன்மையில் தானே சாகும். ஆகவே யூரியாவை உள்ளே விடும் வாசல் ஒன்று இருக்கிறது, யூரே-ஐ என்று பெயர். வெளியே அமிலம் ஏறினால் அது திறக்கும், அமிலம் குறைந்தால் மூடும். அமிலத்தை உணரும் வேறொரு புரதம், ஆர்ஸ்-எஸ், மரபணுக்களுக்கே செய்தி அனுப்பி யூரியேஸ் தயாரிப்பைக் கூட்டச் சொல்கிறது. அமோனியா இன்னொரு வேலையும் செய்கிறது. சளிப்படலம் அமிலத்தில் கெட்டியாகவும், அமிலம் தணிந்தால் இளகியும் இருக்கும். தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்து, படலத்தை இளக்கி, இளகிய வழியில் கிருமி நீந்துகிறது. போய்ச் சேர்ந்ததும் பாப்-ஏ என்ற புரதத்தால் செல்லின் மேலுள்ள சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியும் அமிலத்துக்குக் கட்டுப்பட்டது. இரைப்பைச் சுவரின் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து அமிலத்தில் விழும். விழும்போது பிடி தளர்ந்து கிருமி விடுபட்டு, திரும்பச் சுவருக்கே நீந்திவிடும். 2017இல் வந்த இந்தக் கண்டுபிடிப்பைப் படித்தபோது, அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்பவர்கள் கேள்வியையே தலைகீழாகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அமிலம் இல்லையென்றால் இந்தக் கிருமிக்கு வழியே தெரியாது.

நீந்தும் திறனை அழித்த கிருமிகளைப் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; அவை குடியேறித் தங்கவில்லை. நீந்த முடியும், திசை அறிய முடியாது என்று மாற்றிய கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை தடுமாறின. இரைப்பைச் சுவரின் சுரப்பிக் குழிகளுக்குள் போக முடியாமல், சாதாரணக் கிருமிகளுடன் விட்டபோது தோற்றன. அந்தக் குழிகளுக்குள் முதலில் போய்ச் சேருபவை பெருகிக் கூட்டமாகி, பின்னால் வருபவற்றுக்கு இடம் விடுவதில்லை.

சரி, கிருமிதான் காரணம் என்றால் எல்லோருக்கும் ஏன் புண் வரவில்லை? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. அவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வாழ்நாளில் புண் வருகிறது. மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி இதை விடாமல் கேட்டார்: கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஒரேபோல் இருக்கிறது, ஆனால் அரிசி தின்னும் தெற்கில் புண் அதிகம், கோதுமை தின்னும் வடக்கில் குறைவு, ஏன்? உணவில் உள்ள ஏதோ ஒன்று சுவரைக் காக்கிறது என்பது அவர் பதில். அது சரியாகவே இருக்கலாம். மெக்காரிசனின் எலிகளையும் அப்படிப் பார்த்தால் குப்பையில் போட வேண்டியதில்லை. மார்ஷலுக்குக் கூட அழற்சி மட்டும்தான் வந்தது என்று சொன்னேனே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆனால் எல்லோருக்கும் வராததால் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. காசநோய்க் கிருமியும் தொற்றிய எல்லோருக்கும் நோயைத் தருவதில்லை. எந்த இனக் கிருமி, இரைப்பையின் எந்தப் பகுதியில் கூட்டம் அதிகம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அடிப்பகுதியில் அழற்சி மிகுந்தால் அமிலச் சுரப்பு கூடி முன்சிறுகுடலில் புண். மேற்பகுதி முழுக்கப் பரவினால் சுரப்பிகள் தேய்ந்து, பல பத்தாண்டுகளில் சிலருக்குப் புற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதை முதல் வகைப் புற்றுக் காரணியாகப் பட்டியலிட்டது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது புதுக்கோட்டையில்.

டோவியின் கேள்விக்குப் பிறகும் அசையாமல் நிற்பது ஒன்று உண்டு. மாத்திரையால் ஆற்றிய புண், கிருமி உள்ளே இருந்தால், ஓராண்டுக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வருகிறது. கிருமியை ஒழித்தால் பத்தில் ஒருவருக்குக் கூட வருவதில்லை. சாப்பாட்டை மாற்றுவதால் இப்படி ஒரு விளைவு இவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை.

புண்களில் எல்லாமே கிருமியால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆலங்குடிப் பக்கம் கடலை பறிக்கும் நாட்களிலும், கல்குவாரி வேலையிலும், இடுப்பு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கும் பழக்கம் இருக்கிறதே, அது இரண்டாவது பெரிய காரணம். மிளகாயைத் தள்ளி வைத்துவிட்டு வலி மாத்திரையை விடாமல் போடுபவரை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கடைசியாக, கேஸ் மாத்திரை. பேண்டப்ரசோலோ ஓமிப்ரசோலோ போட்டால் சரியாகிவிடுகிறதே, கிருமியைப் பற்றி எதற்குக் கவலை என்பார்கள். அவை அமிலச் சுரப்பை அடக்குகின்றன. எரிச்சல் நிற்கிறது, புண்ணும் ஆறுகிறது. கிருமி போகவில்லை. அமிலம் குறைந்ததும் அது இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்குப் பரவுவதும் உண்டு. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி அறையில் சுவரிலிருந்து கடுகளவு சதையை எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் நிறக் களிம்பில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அமோனியாவை உண்டாக்கி, மஞ்சள் கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறமாகும். வழி கண்டுபிடிக்க எந்தக் கருவி அதற்கு உதவியதோ அதுவே அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் கேஸ் மாத்திரை தின்றுகொண்டே போனால் கிருமி அடங்கிக் கிடக்கும், நிறம் மாறாது, "கிருமி இல்லை" என்று சீட்டு வரும். அதனால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் சோதனைக்குப் போக வேண்டும். ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனைக்கும் இதே விதி.

இருப்பது உறுதியானால் அமிலம் அடக்கும் மருந்துடன் இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் சேர்த்துப் பொதுவாக 14 நாள். நான்காம் நாள் எரிச்சல் நின்றதும் நிறுத்துகிறவர்கள் பலர். மிச்சம் பிழைக்கும் கிருமிதான் மருந்துக்கு அசராததாக மாறுகிறது. மெட்ரோனிடசோலுக்கு அசையாத கிருமி இந்தியாவில் ஏற்கெனவே ஏராளம், கிளாரித்ரோமைசினுக்கும் கூடி வருகிறது. வயிற்றுப்போக்குக்குக் கடையில் இரண்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போடும் நம் வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. 14 நாள் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபடி ஒரு சோதனை. போய்விட்டதா என்று எரிச்சலை வைத்துச் சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும். அதற்கும் முன்னால் அந்த இரண்டு வாரம் கேஸ் மாத்திரையைத் தொடக் கூடாது. பூண்டுக் குழம்பைத் தாராளமாகத் தொடலாம்.